மாமாவின் பெயரில் ஒரு கார்

ஹனோவரில் டிராமுக்குள் எனக்கு முன்னால் இருந்தவர் பக்கத்தில் இருந்த அக்காவிடம், “மாமாவின்ரை பேரிலை காரை ஓடர் பண்ணினது நான்தான் அக்கா. ஆனா கார் மாமாவுக்கில்லை” என்றார். நான் பத்திரிகையை மடித்துவிட்டேன். கார் விற்பனை நிலையத்தின் மேலங்கி போட்டிருந்தார். காய்கறிப் பையோடு இருந்த அக்கா அவரை முறைத்தார்.

“பிறகேன் அந்த மனுசன்ரை பேரைப் போட்டனி?”

“கடையிலை நிப்பாட்டி விக்கவெண்டு கேட்டா, கார் செய்யிற கொம்பனி ஆறு மாசம் இழுக்கும். வாங்க ஆள் இருக்கெண்டு ஒரு பேரை எழுதினா ஆறு கிழமையிலை அனுப்பும். முதல் என்ரை பேர் போட்டன், பிறகு மனுசியின்ரை பேர். இந்தமுறை போட வேறை ஆளில்லை. இப்ப அது மாமாவுக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“மாமாவுக்கு ஆர் சொன்னது?”

“கொம்பனிதான். புதுக் காருக்கு வாழ்த்துக்கள் எண்டு அவரின்ரை வீட்டுக்கே கடிதம் போட்டிட்டாங்கள். மருமோன் கார் வாங்கித் தாறானெண்டு கோயில் முழுக்கக் காட்டித் திரியிறார். கார் வந்தவுடனை மந்திரிக்கச் சாமியாரிட்டையும் சொல்லியாச்சாம்.”

“உனக்கென்ன விசரே? போய் உண்மையைச் சொல்லன்!”

“சொல்லத்தானே நேற்றுப் போனனான். நான் வாய் திறக்க முதல் அவர் கேக்கிறார், ‘தம்பி, கறுப்பு வேண்டாம், சிவப்பா மாத்த ஏலாதோ?’ எண்டு.”

அக்கா சிரிக்கவில்லை. “நீ என்ன சொன்னனி?”



“வெள்ளிக்கிழமைக்குள்ளை எண்டா மாத்தலாம் எண்டு சொல்லிப்போட்டன்.”