நடைபாதையில் கயிறில்லாமல் வந்த நாய்

பெயர்: முஹம்மது தம்பி ஜெஸீமா. வயது: 46. தொழில்: வீட்டில் தையல் வேலை. விலாசம்: ஜமாலியா, திருகோணமலை. தன் சொந்த விருப்பத்தின் பேரில் பொலிஸ் நிலையத்துக்கு வந்து தமிழில் கூறியது.

நான் மேற்சொன்ன விலாசத்தில் என் கணவர் நிப்றாஸுடன் வசித்து வருகிறேன். அவர் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருப்பதால் ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே காலையில் கணவர் ஓட்டத்துக்குப் போகும்போது உட்துறைமுக வீதியில், கடலோர நடைபாதை தொடங்கும் இடத்தில் என்னை இறக்கிவிடுவார். நான் அடுத்த முனை வரை நடந்து திரும்பி வருவேன்.

எனக்கு நாய் என்றால் பயம். ஒரு நாயும் என்னைக் கடித்ததில்லை, ஆனாலும் பயம். எங்கள் வீடுகளில் நாய் வளர்ப்பதில்லை. தெருவில் ஒரு நாய் படுத்துக் கிடந்தால் நான் அடுத்த ஒழுங்கையால் சுற்றிப் போவேன்.

நாய் கடித்ததாகச் செய்யப்பட்டிருக்கும் இந்த முறைப்பாட்டில் எதிராளியாகக் காட்டப்பட்டிருக்கும் மரியமலர் என்பவரை அந்த நடைபாதையில்தான் கண்டு பழகினேன். அவர் உவர்மலையில் தனியாக இருப்பவர், தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரிடம் இரண்டு நாய்கள் உண்டு. ஒன்று கறுப்பன் என்னும் பெரிய ஊர் நாய், மற்றது மினி என்னும் சின்ன வெள்ளை நாய். நான் முதல் தடவை அவற்றைக் கண்டபோது பாதையை விட்டு வீதியில் இறங்கிவிட்டேன், பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது. அதைப் பார்த்த அவர் அன்றிலிருந்து நான் வருவதைக் கண்டதும் நாய்களைக் கடல் பக்கச் சுவரோடு ஒதுக்கி, கயிறுகளைக் கையில் சுற்றிக் குறுக்கிக்கொண்டு, நான் கடந்து போகும் வரை நிற்பார். "பயப்பிடாதேங்கோ தங்கச்சி, நான் கட்டையாப் பிடிச்சிருக்கிறன்" என்று ஒவ்வொரு நாளும் சொல்வார். வெயில் ஏறிய நாட்களில் புறங்கையைச் சீமெந்தில் வைத்துப் பார்ப்பார். சுட்டால் நாய்களின் கால் வெந்துவிடும் என்று திரும்பிப் போய்விடுவார். அவருடைய நாய்கள் கயிறில்லாமல் நின்றதை நான் ஒரு நாளும் கண்டதில்லை. அதன் பின்னர் நாங்கள் ஒரு பத்தடி இடைவெளி விட்டுக் கதைத்துக்கொண்டு நடக்கிற அளவுக்குப் பழகினோம். ஒரு நாள் அவர் என்னிடம், "நாய் கிட்ட வந்தா ஓடாதேங்கோ. ஓடினாத்தான் துரத்தும். மரம் மாதிரி நில்லுங்கோ, கண்ணைப் பார்க்காதேங்கோ" என்று சொல்லித் தந்தார்.

முறைப்பாட்டுக்காரரான டினேஷ் என்பவர் அந்த வீதியில் படகுச் சவாரிக் கடை வைத்திருப்பவர். என் கணவர் அவருடைய கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, அவரிடம் வரும் வெளிநாட்டுக்காரரை ஏற்றி இறக்கி வந்தார். டினேஷிடம் ரொக்கி என்று ஒரு பெரிய நாய் இருந்தது. காலையில் அதைக் கயிறில்லாமல் நடைபாதையில் விட்டுவிட்டு அவர் பின்னால் போனைப் பார்த்துக்கொண்டு வருவார். கயிறு போட்டுப் பிடிக்கும்படி மரியமலர் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். டினேஷ் சிரித்துக்கொண்டு, "அது ஒண்டும் செய்யாது அன்ரி" என்று சொன்னதையும் கேட்டேன்.

சென்ற மாதம் மூன்றாம் திகதி செவ்வாய்க்கிழமை, மழை விட்டு நல்ல வெயில் எறித்த காலை, நானும் மரியமலரும் வழக்கம் போல இடைவெளி விட்டு நடந்து வந்தோம். வாகை மரத்தடியில், ஊருக்குள் திரியும் மான்கள் இரண்டு மூன்று நின்றன. அப்போது ரொக்கி ஓடி வந்தது. மான்கள் வீதிக்குக் குறுக்கே பாய்ந்து போய்விட்டன. அது மான்களின் பின்னால் போகாமல் நடுப்பாதையில் நின்றது. அது குரைக்கவில்லை. வாய் திறந்தபடி எச்சில் நூலாகத் தொங்கியது. அதன் பின்னர் அது எங்கள் பக்கம் திரும்பியது.

மரியமலர் மினியைத் தூக்கித் தலைக்கு மேலே பிடித்தார். ரொக்கி பாய்ந்து அவருடைய மற்றக் கையை முழங்கைக்குக் கீழே கவ்வியது. அவர் விழுந்தார். விழும்போதும் மினியை விடவில்லை, ஆனால் கறுப்பனின் கயிறு கையிலிருந்து விடுபட்டது. கறுப்பன் வீதிப் பக்கம் ஓடியது. வீதியில் லொறிகள் போய்க்கொண்டிருந்தன. மரியமலர் என்னைப் பார்த்து, "தங்கச்சி, கயிறை மிதியுங்கோ!" என்று கத்தினார். நான் மிதித்தேன். அதன் பின்னர் குனிந்து அதை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கறுப்பன் என் அபாயா அங்கிக்குப் பின்னால் வந்து ஒளித்துக்கொண்டது. அதன் உடம்பு என் காலில் முட்டி நடுங்கியது. என் காலும் நடுங்கியதால் எது என் நடுக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பின்னர் ரொக்கி மரியமலரின் கையை விட்டுவிட்டு எனக்கு முன்னால் வந்தது. நான் ஓடவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாய்க்குள் ஓதினேன், பாதியில் மறந்துபோய்த் திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். அது என் அபாயாவின் கரையைப் பிடித்து இழுத்துக் கிழித்தது. அந்த வேளையில் டினேஷ் ஓடி வந்து அதன் கழுத்துப் பட்டியைப் பிடித்தார். அது திரும்பி அவருடைய வலது கையைக் கடித்தது. இதை நான் ஓரடி தூரத்தில் நின்று கண்டேன். அப்போது கறுப்பனின் கயிறு என் கையில் இருந்தது, கறுப்பன் எனக்குப் பின்னால் நின்றது. கறுப்பன் எவரையும் கடிக்கவில்லை.

டினேஷ் கைக்குட்டையால் கையைக் கட்டிக்கொண்டு நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார். மரியமலரைப் பார்க்கவில்லை. நான் கணவருக்குப் போன் எடுத்தேன். மரியமலர் பாதையோரக் குழாயில், தேநீர்க் கடையில் வாங்கிய சவர்க்காரத்தால் நீண்ட நேரம் காயத்தைக் கழுவினார். அதன் பின்னர் என் கணவர் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நாய்கள் இரண்டும் வண்டிக்குள் என் காலடியில் இருந்தன. மரியமலரின் காயத்தைச் சுற்றியும் ஊசி போட்டார்கள். கை எலும்பும் உடைந்திருந்தது. என் பாதத்தில் ஒரு கீறல் இருந்தது. கல் கீறியதா நகம் கீறியதா என்று வைத்தியர் கேட்டார், தெரியாது என்றேன், எனக்கும் ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வந்து, நாய் பட்டால் செய்யும் எங்கள் மார்க்க முறைப்படி, என் கையையும் காலையும் மண் போட்டு ஒரு முறையும் தண்ணீரால் மிகுதி ஆறு முறையும் கழுவினேன். அபாயாவையும் அப்படியே கழுவினேன்.

அன்று மாலை, மரியமலரின் கறுப்பு நாய் தன்னைக் கடித்ததாகவும் அதைக் கொல்ல வேண்டும் என்றும் டினேஷ் இங்கே முறைப்பாடு செய்ததாக அறிந்தேன். நான் வந்து உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். அவர், "நமக்கு என்னத்துக்கு இந்த நாய்க் கதை? அந்தாளிட்ட இருந்துதான் நமக்கு ஓட்டம் வருது" என்றார். நான் பயந்து இங்கே வரவில்லை.

மூன்று நாள் கழித்து டினேஷ் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் கட்டுப் போட்டிருந்தார். கதிரையில் உட்காரவில்லை. "அக்கா, நீங்க தூரத்தில நிண்டனீங்க, உங்களுக்கு ஒண்டும் வடிவாத் தெரியாது தானே" என்று சொன்னார். என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அன்று காலையில்தான் இரண்டாவது ஊசி போட்டுவிட்டு வந்திருந்தேன். ஆகவே எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை, "தம்பி, நீங்க ஊசி போட்டீங்களா?" என்று கேட்டேன். அவர், "எனக்கு என்னத்துக்கு? அந்த அன்ரியின்ட நாய்க்கு ஊசி போட்டிருக்கு தானே. ஆஸ்பத்திரியிலயும் அப்பிடித்தான் சொன்னனான்" என்றார். நான், "உங்களைக் கடிச்சது அந்த நாய் இல்லையே. உங்கட நாய் எங்க?" என்று கேட்டேன். புல்மோட்டையில் இன்பாஸ் என்ற கூட்டாளியின் வீட்டில் விட்டிருப்பதாகச் சொன்னார். அதற்கு ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் அதுவரை பயந்தது அவருக்கு. அவர் வாசல் படலையைத் தாண்டிப் போன பிறகு அவருக்காகப் பயம் வந்தது. தான் சொன்ன பொய்யைத் தானே நம்பிக்கொண்டு அவர் நடமாடுகிறார் என்று எனக்குத் தோன்றியது. தையல் மெசினில் இருந்தேன், ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அடுத்த நாள் காலையில் கணவரிடம், என்னை அந்தக் கடைக்குக் கொண்டுபோகும்படியும், இல்லாவிட்டால் நான் நடந்து போவேன் என்றும் சொன்னேன். அவர் வண்டியை எடுத்தார்.

கடையில் டினேஷும் அவருடைய மனைவி நதீஷாவும் இருந்தார்கள். நான் நதீஷாவிடம், "தங்கச்சி, இவரைக் கடிச்சது உங்கட சொந்த நாய். நான் கண்டனான். இவரைக் கையோட ஊசிக்குக் கூட்டிப் போங்க" என்றேன். டினேஷ், "இவ பொய் சொல்லுறா" என்றார். நதீஷா அவருடைய முகத்தைப் பார்த்தார். அதன் பின்னர் தன் போனில் புல்மோட்டைக்கு எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். இன்பாஸ் பேசினார். "நானே எடுக்க இருந்தன். நாய்க்கு என்னமோ செய்யுது. ரெண்டு நாளாத் தண்ணி வைக்கிறம், நக்கப் பாக்குது, விழுங்க ஏலாம எல்லாம் வாயால வடியுது. எங்கட சின்னவன் கையாலதான் சோறு வைச்சவன், அதுவும் தின்னல்ல" என்றார். நதீஷா போனை மேசையில் வைத்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார். டினேஷ் போனைப் பார்த்துச் சத்தம் போட்டு, "பிள்ளைகளை வீட்டுக்குள்ள போடு! கிட்டப் போக விடாத!" என்றார். அதன் பின்னர் கதிரையில் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துப் பார்த்தார். "அக்கா, நான் செத்துப் போவனா?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. "எழும்புங்க தம்பி, வண்டி வெளியில நிக்குது" என்றேன். வண்டியில் ஏறும்போது அவர், "பொலிசில சொல்லுவீங்களா?" என்று கேட்டார். "ஓம், கண்டதைச் சொல்லுவன்" என்றேன். என் கணவர் அதைக் கேட்டும் வண்டியை நிறுத்தவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இரண்டு சிக்னலைக் கவனிக்காமல் ஓட்டினார்.

அதன் பின்னர் சுகாதாரப் பகுதியினர் புல்மோட்டைக்குப் போனபோது நாய் செத்துக் கிடந்தது. அதன் தலையைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். நீர்வெறுப்பு என்னும் விசர் நோய்தான் என்று முடிவு வந்திருப்பதாகச் சென்ற கிழமை ஆஸ்பத்திரியில் மரியமலரிடம் சொன்னார்கள். டினேஷுக்கும் இன்பாஸின் வீட்டார் எல்லோருக்கும் ஊசி போடப்பட்டு வருகிறது. இன்று வரை ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் டினேஷ் தன் முறைப்பாட்டை வாபஸ் வாங்கவில்லை. என் கணவருக்கு அந்தக் கடையிலிருந்து இப்போது ஓட்டம் வருவதில்லை. கறுப்பன் உவர்மலையில் கட்டியபடியே இருக்கிறது. அதைக் கொல்லச் சொல்லி உத்தரவு வந்துவிடும் என்ற பயத்தில் மரியமலர் படலையில் ஆள் தட்டினால் திறப்பதில்லை.

டினேஷுக்கு முன்னால், நீதிமன்றத்தில் இதையே சொல்வீர்களா என்று கேட்கப்பட்டது. சொல்வேன். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. அவருடைய மனைவி நேற்று என்னிடம் போனில், அவர் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தான் பார்த்துக்கொண்டு நிற்பதாகச் சொன்னார். நானும் அப்படித்தான் இருக்கிறேன். மரியமலர் இன்று என்னுடன் வந்து வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். நான் உள்ளே வருமுன் அவர் தண்ணீர்ப் போத்தலை ஒற்றைக் கையால் திறந்து குடித்தார். நான் அவருடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதைக் கண்டுவிட்டு, வாயைத் துடைத்து, "இறங்குது தங்கச்சி. நீங்க போய்ச் சொல்லிட்டு வாங்கோ" என்றார்.

இதில் எழுதப்பட்டிருப்பது நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் ஆகும். எவரும் என்னைத் தூண்டவில்லை, எவரும் என்னை வெருட்டி இதைச் சொல்ல வைக்கவில்லை. எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, நீக்கவோ சேர்க்கவோ ஒன்றுமில்லை. உண்மை என்று ஏற்றுக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) மு. த. ஜெஸீமா