ஈரத் தோர்த்து

பழைய காரின் ஃப்யூயல் பம்பை மாற்ற மெக்கானிக்கைத் தேடி ஓட வேண்டியதில்லை, ஸார். இரண்டு நட்டு, இரண்டு ஹோஸ், நடுவில் ஒரு பேக்கிங். அவசரப்படாதவனுக்கு முக்கால் மணி நேர வேலை. மட்டாஞ்சேரியில் என் வீட்டு வாசலில் நானே செய்தேன். ஒரே வாரத்தில் இரண்டு முறை செய்தேன்.

என் பெயர் கமாலுதீன். ஜூ டவுன் பஜாரில் முப்பது வருஷமாகக் கிராம்பும் ஜாதிபத்ரியும் விற்கிறேன். சரக்கு வாங்கும்போது மூட்டையின் மேலிருப்பதைத் தொட மாட்டேன். கையை அடிவரை விட்டு எடுத்து முகர்ந்து பார்ப்பேன். மேலிருப்பது காட்டுவதற்காக வைத்தது. இதைச் சந்தேகம் என்று பஜாரில் யாரும் சொன்னதில்லை, தொழில் தெரிந்தவன் என்றுதான் சொல்வார்கள். அதையே வீட்டில் செய்தால் மட்டும் பெயர் மாறிவிடுகிறது.

மூன்று மாதமாக வியாழக்கிழமை பிற்பகலில் என் மனைவி பீவியும் மகள் லமியாவும் காரில் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். லமியாதான் ஓட்டுவாள். கேட்டால் தோப்பும்படியில் தையல்காரி வீடு என்பார்கள். தோப்பும்படி போய்வர ஆறு கிலோமீட்டர். மீட்டரில் இருபத்திரண்டு ஏறியிருக்கும். தைத்த துணி ஒன்றுகூட வீட்டுக்கு வரவில்லை. லமியா யாரையோ பார்த்து வைத்திருக்கிறாள், தாயும் உடந்தை, கல்யாணத்தன்று பந்தலில் உட்காரத்தான் அத்தா வேண்டும் என்று புரிந்துகொண்டேன். ஆனாலும் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் மறுபடி பொய் சொல்வார்கள். அந்தப் பாவத்தில் அவர்களை இறக்க எனக்கு மனம் வரவில்லை.

காரிலிருந்த பழைய பம்ப் சூடு தாங்காது. கிளம்பும்போது ஒழுங்காக ஓடும். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் எஞ்சின் சூடானதும் பெட்ரோல் ஏறாமல் நின்றுவிடும். அதற்குக் கைவைத்தியம் உண்டு. பம்பின்மேல் ஈரத் தோர்த்துத் துண்டைச் சுற்றித் தண்ணீர் விட்டால் ஐந்து நிமிஷத்தில் வண்டி கிளம்பும். பீவி அதற்கென்றே ஒரு தண்ணீர் பாட்டிலும் பழைய தோர்த்தும் டிக்கியில் வைத்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை புதுப் பம்பை மாட்டினேன். பக்கத்து வீட்டு நாணு, மீன்பிடிப் படகுகளில் எஞ்சின் வேலை பார்த்தவர், மதில்மேல் கைவைத்து வேடிக்கை பார்த்தார். பீவி சாயா கொண்டுவந்தாள்.

"இனி வழியில நிக்காதுல்ல?" என்று கேட்டாள்.

"நிக்காது."

"அப்ப சமாதானமாச்சு."

ஒரு பம்பை மாற்றியதில் ஒருத்திக்கு இவ்வளவு நிம்மதி எதற்கு என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

புதன்கிழமை காலையில் அவர்கள் எழுமுன் புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டினேன். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்திருந்ததால் அதுவும் பளிச்சென்று இருந்தது. டிக்கியிலிருந்த பாட்டிலையும் தோர்த்தையும் எடுத்துவிட்டேன். புதுப் பம்ப் இருக்கிற காரில் அவை எதற்கு?

நான் கெடுதல் நினைக்கவில்லை. வண்டி வழியில் நின்றால் யாராக இருந்தாலும் தனக்கு வேண்டியவனைத்தான் கூப்பிடுவார்கள். இவர்கள் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். என்னைக் கூப்பிட்டால் சந்தேகம் தீர்ந்தது, உடனே போய் வண்டியைக் கிளப்பிக் கொடுத்துவிடுவேன். அதற்காகவே பாட்டிலையும் தோர்த்தையும் என் ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

வியாழனன்று கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையிலிருந்தே தெருமுனையில் நின்றேன். எப்போதும் மூன்று மணிக்குப் போகிறவர்கள் அன்று பதினொன்றுக்கே கிளம்பினார்கள். அதுவும் வேகமாக. என் எண்ணம் உறுதியாயிற்று. ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன்.

தோப்பும்படி தாண்டிப் பாலம் ஏறத் தொடங்கிய இடத்தில் கார் நின்றது. என் கணக்கு ஒரு நிமிஷம்கூடத் தப்பவில்லை. நூறடி தள்ளி ஒரு லாரிக்குப் பின்னால் சாயாக்கடை. அங்கே நின்று ஒரு சாயா வாங்கினேன். லமியா பானட்டைத் தூக்கினாள். பிறகு டிக்கியைத் திறந்து நெடுநேரம் எதையோ தேடினாள். பீவி இறங்கவில்லை. பின்சீட்டில் சாய்ந்து, தலைத்துணி முகத்தில் விழக் கிடந்தாள். தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று முகத்தை மறைக்கிறாள் என்று நினைத்தேன்.

என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. லமியா. எடுத்தால் ஹாரன் சத்தத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்துவிடும். மேலும், அத்தா கடையில்தான் இருக்கிறாரா என்று தெரிந்துகொண்டு பிறகுதானே அவனைக் கூப்பிடுவாள்? நான் எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. நின்று, மறுபடியும். சாயா ஆறுமுன் குடித்து முடித்தேன்.

கார் வழியை மறித்ததில் பின்னால் வண்டிகள் தேங்கிவிட்டன. ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் இறங்கி வந்து காருக்குள் எட்டிப் பார்த்தார்கள். இவர்களில் எவனாவது அவனாக இருக்குமோ என்று முகங்களைக் கவனித்தேன். வரிசையின் கடைசியில் ஓர் ஆம்புலன்ஸ் நகர முடியாமல் அலறிக்கொண்டிருந்தது. யாருக்கோ பாவம் என்று நினைத்தேன். லமியா ரோட்டிலேயே உட்கார்ந்து கதறியபோதுதான் அருகே போனேன்.

பீவிக்கு இதயத்தில் அடைப்பாம். வியாழன்தோறும் எரணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். அன்று காலையில் வலி கூடியிருக்கிறது. அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

"அம்மாதான் அத்தாகிட்டச் சொல்ல வேண்டாம்னு சொன்னது," என்றாள் லமியா. "சொன்னா கடைக்கும் போகாம என்னைக் காவல் காப்பாருன்னு."

எனக்கு அது மிகவும் வலித்தது. நான் அப்படிப்பட்டவன் அல்ல.

மூன்றாம் நாள், வீட்டுக்கு இழுத்துவந்த காரின் பானட்டை நாணு திறந்து பார்த்தார். "கமாலிக்கா, இது பழைய பம்பல்லே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர்தான் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொல்லியிருக்கிறார், அதில் எனக்கு வருத்தமில்லை.

பம்பை மாற்றியது நான். பாட்டிலையும் தோர்த்தையும் எடுத்தது நான். பார்த்துக்கொண்டே நின்றதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நீங்கள் லமியாவையும் ஒன்று கேட்க வேண்டும். அன்று அவள் என்னை ஒன்பது முறை கூப்பிட்டிருக்கிறாள், போனில் இன்னும் இருக்கிறது. ஒளிக்க ஒன்றுமில்லாத பெண் ஒரு தடவை கூப்பிடுவாள், மிஞ்சினால் இரண்டு தடவை. ஒன்பது தடவை எதற்கு, ஸார்?