உறைந்த கடலில் ஒரு கார்

— கையை எடுங்க கைரிக்கா! அந்த ஒயரைத் தொடாதீங்க!

— நான் எங்கடா தொட்டேன்? காபி கப்பை வைக்க இடம் தேடினேன். மேஜையாடா இது? ஆணியும் ஒயருமா, முள்ளம்பன்றி படுத்திருக்கிற மாதிரி இருக்கு.

— கேளுங்க, இப்ப கரண்ட் போச்சுன்னா உங்க தம்பியோட கேம் பெட்டி வெறும் செங்கல். பாதி எழுதி பாதி எழுதாம நின்னுடும். அப்புறம் எந்த வைத்தியனாலயும் எழுப்ப முடியாது. கப்பைத் தரையில வையுங்க.

— வச்சாச்சு. கத்தாத. நவம்பர் மாசம்டா இது. செத்தவங்க வீடு தேடி வர்ற மாசத்துல சத்தம் போட்டா அவங்களுக்கு வழி தப்பிடும்னு அம்மா திட்டுவா.

— என் வீட்டுக்கு யாரு வரப்போறா? கரண்ட் பில்லு போடறவனே கீழ்த்தளத்துக்கு இறங்க பயப்படறான்.

— இன்னும் எவ்வளவு நேரம் ராய்வோ?

— திரையில அந்தப் பச்சைக் கோடு நிரம்பணும். நிரம்பிட்டா பெட்டி நம்ம பேச்சைக் கேட்கும். கம்பெனி வித்த கேம் மட்டுமில்ல, நாமளா வீட்டுல உக்காந்து எழுதின எதையும் ஓட்டும். உங்க தம்பி இந்திரெக் ஏற்கெனவே இப்படித்தான் திறந்து வச்சிருந்தான். உங்கம்மாதான்...

— அம்மாவை ஒண்ணும் சொல்லாத.

— சொல்லலைக்கா. ஆனா நெட் ஒயர் சொருகுற ஓட்டை மேல டேப் ஒட்டியிருந்தானே, அது எதுக்கு? "புதுப்பிக்கவா?"ன்னு பெட்டி கேட்டா "வேணாம்"னு சொல்லு. பெட்டியைத் திறக்கிற எங்க ஆளுங்களுக்கு இதுதான் முதல் பாடம். ஒரு தடவை சரின்னுட்டா நாம திறந்த கதவையெல்லாம் கம்பெனி வந்து சாத்திட்டுப் போயிடும்.

— அம்மாவுக்கு யாரு பாடம் எடுத்தா? உள்ளே தம்பி ஏதாவது வச்சிருப்பானோன்னு டேப்பை உரிச்சு ஒயரைச் சொருகியிருக்கா. பெட்டி மரியாதையா கேட்டுச்சு, இவளும் மரியாதையா சரின்னுட்டா. எங்க தீவுல வீடு தேடி வந்து கேட்கிறவங்களுக்கு வேணாம்னு சொல்லிப் பழக்கமில்லைடா.

— அந்த ஒரு சரிக்கு நான் ரெண்டு மாசமா தண்ணி குடிக்கிறேன்.

— எப்படித்தான் திறந்தே?

— பேர் வச்சு.

— என்ன பேர்?

— கம்பெனி வித்த ஒரு கேம்ல நம்ம ஆளுக்குப் பேர் வைக்கச் சொல்லும். அது தாங்கறதைவிட ரொம்ப நீளமா ஒரு பேரை ஊட்டிவிட்டா, முழுங்க முடியாம திணறி மயங்கி விழும். விழற நேரம் பார்த்து நாம உள்ளே புகுந்துடணும்.

— மயங்கி விழுந்தவன் வீட்டுல புகுறதா? இதுக்குப் பேரு திருட்டுடா.

— சொந்த வீட்டுல புகுறதுக்குப் பேரு திருட்டாக்கா? பெட்டி அவனோடது, நாம பார்க்கப் போற கேம் அவன் எழுதினது. பெட்டியோட மெமரி கார்டுல அந்த ஒரே ஒரு கேம்தான் இருக்கு. "பனி ரோடு"ன்னு பேர் வச்சிருக்கான்.

— வேற பேரே கிடைக்கலையா அவனுக்கு.

— காலையில ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

— நான் வராமயா?

— திறக்குதான்னு பார்க்க வேண்டாமா? அணைச்சா மறுபடி பூட்டிக்கும், அதான் இப்ப நிரந்தரமா எழுதறேன். காலையில பார்த்துட்டு அணைச்சிட்டேன். அணைச்சிட்டுத் தெருவுக்குப் போய், கோட்டுகூட போடாம நின்னுட்டு இருந்தேன். எதிர்வீட்டுக்காரி "உடம்பு சரியில்லையா"ன்னு கேட்டுட்டுப் போறா.

— என்னடா இருந்துச்சு அதுல?

— நீங்களே பாருங்க. எனக்குச் சொல்ல வரலை.

— பயமுறுத்தாத. நான் தலைநகர் தாலின்ல இருந்து மூணு மணி நேரம் பஸ்ஸுல உக்காந்து வந்திருக்கிறது ஒரே ஒரு விஷயத்துக்கு. அவன் தெரிஞ்சே கடலுக்குள்ளே போனானா, இல்லை விபத்தா. அது மட்டும் தெரிஞ்சா போதும்.

— கேம்ல அதெல்லாம் எப்படிக்கா தெரியும்?

— வேற எதுல தெரியும்? எதுவும் எழுதி வைக்கலை. யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலை. கடைசி ஒரு வருஷம் ராப்பகலா உன்கூட உக்காந்து இதைத்தானே எழுதிட்டு இருந்தான்?

— என்கூட உக்காந்தான், ஆனா காட்டலை. திரையை அந்தப் பக்கம் திருப்பிக்குவான். "முடிச்சதும் முதல்ல அக்காதான் ஆடணும், நீ அப்புறம்"னுடுவான்.

— அப்படியா சொன்னான்?

— கேளுங்க, நான் ஒண்ணு சொல்றேன். மார்ச் மாசம், வெயில் ஏறின சமயம், கடல் மேல உறைஞ்சிருந்த பனி விரிசல் விட்டுடுச்சு. கார் உள்ளே போச்சு. இது விபத்துதான். ஊரே ஏன் வேற மாதிரி பேசுதுன்னு எனக்குப் புரியவே இல்லை.

— நீ இந்தத் தார்த்து நகரத்துக்காரன். உங்க ஊர்ல ஆறுதான் உறையும், அதுல வாத்து நடக்கும். எங்களுக்குக் கடல் உறைஞ்சா அதுதான் ரோடு. நாடு பூரா காருல பெல்ட் போடலைன்னா அபராதம். பனி ரோட்டுல மட்டும் போட்டிருந்தா அபராதம். ஏன்?

— பனி உடைஞ்சா உடனே வெளியே குதிக்கணும். தெரியும்க்கா. போர்டுலயே எழுதியிருக்குமே.

— போர்டைப் படிச்சு நாங்க கத்துக்கலை. பால்குடி மறக்கறதுக்கு முன்னாடியே தெரியும். கரையில வண்டியை நிறுத்தணும், பெல்ட்டைக் கழட்டணும், கண்ணாடியை இறக்கணும், அப்புறம்தான் பனியில இறங்கணும். அவனை வெளியே எடுத்தப்போ பெல்ட் போட்டபடி இருந்தான், ராய்வோ. கண்ணாடி மேலே ஏத்தியே இருந்துச்சு.

— இது யாருக்கெல்லாம் தெரியும்?

— எடுத்தவங்க அதை அப்பாகிட்ட தனியா கூப்பிட்டுச் சொன்னாங்க. மறுநாள் கடையில ரொட்டி வாங்கப் போனா எல்லாருக்கும் தெரியும். "தீவுல பொறந்தவன் பெல்ட்டோட பனியில இறங்குவானா? இறங்கினா அது திரும்பி வர மனசில்லாமதான்"னு மீன்காரர் சொன்னார். என் காதுல விழட்டும்னே சொன்னார். அப்பா அன்னைக்கு வாயை மூடினவர்தான். இன்னும் திறக்கலை.

— உங்கம்மா?

— காலையில போன்ல பேசினேன். இந்த மாசம் செத்தவங்களுக்குத் தட்டு வைப்போம்ல? தாத்தாவுக்கு வச்சாச்சு, பெரியப்பாவுக்கு வச்சாச்சு, மூணாம் வருஷம் செத்த பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட வச்சாச்சு. "தம்பிக்கு?"ன்னேன். "வர வேணாம்னு போனவனை நான் எப்படிடி கூப்பிடுவேன்?"னு கேட்டா.

— நிரம்பிடுச்சுக்கா.

— என்ன?

— கோடு. பெட்டி திறந்துடுச்சு. போடவா?

— போடு.

— விளக்கை அணைக்கட்டுமா? திரை நல்லா தெரியும்.

— வேணாம். எரியட்டும்.

— பாருங்க. அதோ.

— அட... எங்க கரைடா இது! கலங்கரை விளக்கம், மூணு பைன் மரம், படகுக் கொட்டகை. கூரையில அந்த ஓட்டைகூட விடாம வரைஞ்சிருக்கான் பாரேன். அப்பாவோட கார்! இடது பக்கம் நசுங்கி இருக்கு பாரு, அது நான் நசுக்கினது.

— காருக்குள்ளே ஒரு ஆள் உக்காந்திருக்கான்.

— அவன்தான். அந்தத் தொப்பி நான் பின்னிக் குடுத்தது.

— இப்ப நான் வண்டியை எடுக்கறேன். பாருங்க. நகரலை. ஓரத்துல சிவப்பா மின்னுதே, அது பெல்ட். போட்டிருக்குன்னு அர்த்தம். அதைக் கழட்டினாத்தான் வண்டி பனியில இறங்கும்னு எழுதி வச்சிருக்கான்.

— அப்போ கழட்டு.

— அதான்க்கா விஷயமே. கழட்டறதுக்குப் பொத்தான் இல்லை.

— என்னடா சொல்றே?

— ரிமோட்ல இருக்கிற அத்தனையும் அழுத்திட்டேன். சேர்த்தும் அழுத்தியாச்சு, தனித்தனியாவும் அழுத்தியாச்சு. கண்ணாடி இறங்குது, ஹாரன் அடிக்குது, வைப்பர் ஆடுது. பெல்ட் மட்டும் கழட்டவே முடியலை.

— வழியே வைக்கலையா அவன்?

— முடிக்காம விட்டிருப்பான்...

— இல்லை. கூரை ஓட்டையை வரைஞ்சவன் இதை மறப்பானா? பெல்ட்டைப் போட்டு உக்கார வச்சிட்டான், கழட்ட வழி வைக்கலை. அப்போ முன்னாடியே முடிவு பண்ணிட்டான். மீன்காரர் சொன்னதுதான் சரி. அணைச்சிடு ராய்வோ.

— இருங்க, அது மட்டுமில்லை...

— அணைன்னு சொல்றேன்ல! நான் அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லப்போறதில்லை. பெட்டி கெட்டுப்போச்சு, திறக்க முடியலைன்னு சொல்லிடறேன்.

— அக்கா, ஒரு நிமிஷம். நான் ஏன் தெருவுக்கு ஓடினேன்னு தெரிய வேண்டாமா? அதைப் பாருங்க. நான் எதையும் தொடலை, ரிமோட் இதோ கீழே கிடக்கு. அவன் தலையை மட்டும் பாருங்க.

— திரும்பறான்.

— பக்கத்து சீட்டைப் பார்க்கிறான். அங்க யாருமே இல்லை. காலியா கிடக்கு. பார்த்துட்டே இருக்கான்க்கா, கண்ணை எடுக்க மாட்டேங்கறான். அப்புறம் ஒரு குரல் வரும்...

— "ஆச்சா?"

— இதோ! இதான்! அவன் குரலேதான். காலையில இந்த ரூம்ல நான் ஒருத்தன்தான் இருந்தேன். பின்னாடி நின்னு கேட்கிற மாதிரி இருந்துச்சு. மறுபடி வரும் பாருங்க.

— "ஆச்சா?"

— என்ன ஆச்சான்னு கேட்கிறான்? யாரைக் கேட்கிறான்? அக்கா? அழறீங்களா? இல்லை... சிரிக்கிறீங்களா?

— இது அப்பாவோட பேச்சுடா. அவர் மாதிரியே மூக்கால இழுத்துப் பேசியிருக்கான், படுவா. ராய்வோ, இன்னொரு ரிமோட் இருக்கா?

— எதுக்கு? உங்கம்மா ஒண்ணுதானே குடுத்து விட்டாங்க.

— உன்கிட்ட இருக்கும்ல? இவ்வளவு குப்பைக்குள்ளே ஒரு ரிமோட் இல்லையா?

— இருக்கு, இருக்கு. இந்தாங்க. ஆனா வண்டி ஓட்டறவன் ஒருத்தன்தானே. ரெண்டாவது ஆளுக்கு என்ன வேலை?

— அவன் கை சின்னதா இருந்தப்போ, கையுறை போட்டா அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்த வராது. கரையில வண்டியை நிறுத்தினதும் நான்தான் எக்கி அவன் பெல்ட்டைக் கழட்டுவேன். அப்பா திரும்பிப் பார்க்காமயே "ஆச்சா?"ம்பார். நான் "ஆச்சு"ன்னு சொன்னாத்தான் வண்டி பனியில இறங்கும்.

— சின்ன வயசுல சரி...

— வளர்ந்தப்புறமும்தான். அவன் லைசென்ஸே எடுக்காம சோம்பிக் கிடந்தான். கடல் உறைஞ்சா ஊருக்கு நான்தான் ஓட்டிட்டுப் போவேன். கரை வந்ததும் துரை கையைத் தூக்கிட்டு உக்காந்திருப்பார், நான் கழட்டிவிடணும், கண்ணாடியையும் நான்தான் இறக்கணும். "கல்யாணம் ஆனா பொண்டாட்டிகிட்டயும் இதையே சொல்லுவியா?"ன்னு கேட்பேன். "நீயும் கூட வா"ம்பான். அந்த மார்ச்சுலதான் லைசென்ஸ் எடுத்து முதல் தடவையா தனியா ஓட்டினான். எனக்கு லீவு கிடைக்கலை.

— அக்கா... அப்போ அந்தப் பெல்ட்...

— பேசாத. இந்த ரிமோட்டைச் சொருகு.

— நான் அழுத்தவா?

— வேணாம். நான் அழுத்தி அது கழண்டா, அவன் கையில அந்தப் பழக்கமே இல்லைன்னு அர்த்தம். பெல்ட்டுன்னா அது அக்கா வேலைன்னே அவன் மண்டையில இருந்திருக்கு, சாகணும்னு இல்லை. கழலலைன்னா... கழலலைன்னா நான் வீட்டுக்குப் போயிடறேன், இதைப் பத்தி நீ என்கிட்ட எப்பவும் பேசக்கூடாது.

— சரிக்கா.

— "ஆச்சா?"

— மறுபடி கேட்கிறான்.

— காதுல விழுதுடா. அவசரம் பார் துரைக்கு.

— அழுத்துங்க.

— அழுத்திட்டேன்.

— கழண்டுடுச்சு! அக்கா, சிவப்பு போயிடுச்சு! பாருங்க, பக்கத்து சீட்டுல ஒரு பொண்ணு வந்து உக்காந்திருக்கா. நீங்கதான் அது, உங்க மஞ்சள் கோட்டு! ஓட்டறவனோட பெல்ட்டை, பக்கத்துல இருக்கிறவ கையில குடுத்து வச்சிருக்கானே, எந்தக் கிறுக்கன் இப்படி எழுதுவான்?

— என் தம்பி எழுதுவான். போனை எடு ராய்வோ. மேஜை மேல இருக்கு.

— இந்தாங்க. வண்டி கிளம்பலை, இன்னும் உங்களையே பார்த்துட்டு இருக்கான்.

— ஆச்சு, தம்பி. ஆச்சு. போ.

— நகருதுக்கா. பனியில இறங்கிட்டான்.

— அம்மா? நான்தான்ம்மா. அழலை, அழலைன்னு சொல்றேன்ல. விளக்கு எரியுதா? அலமாரியில இருந்து இன்னொரு தட்டு எடுத்து வை. தம்பி கிளம்பிட்டான்.