வலிக்காத கட்டி

தலைமை தாங்கும் தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, வாசலில் பரிசோதனை வண்டியோடு வந்து காத்திருக்கும் மருத்துவர் அம்மையாரே, ஊசியோடும் நூலோடும் உழைத்து ஊருக்கெல்லாம் உடை தந்த மூத்தோர்களே, விடியுமுன் உலை வைத்துவிட்டு வேலைக்கு ஓடிவரும் தாய்மார்களே, நழுவுவதற்கு வசதியாகக் கதவோரம் இடம்பிடித்த தம்பிமார்களே, உங்கள் அனைவருக்கும் இந்தக் கட்டிங் மாஸ்டரின் கனிந்த வணக்கம்!

என் மனைவியை நீங்கள் அறிவீர்கள். செக்கிங் மேசையில் அவள் விரல் பட்டால், விட்டுப்போன தையல் ஒளிய முடியுமா? அறுந்த நூல் அடங்கிக் கிடக்க முடியுமா? என் சட்டையில் பட்டன் தளர்ந்தால், சோற்றைப் போடுமுன் ஊசியை எடுப்பாள். யாரம்மா அங்கே சிரிப்பது? பார்த்துவிட்டீர்களா? ஆம், இந்தச் சட்டையில் ஒரு பட்டன் இல்லை. அவள் போனதிலிருந்து இல்லை.

அந்த விரல்தான், குளிக்கும்போது, மார்பில் ஒரு சிறு கட்டியைத் தொட்டது. மருத்துவமனைக்குப் போகலாம் என்றேன்.

"வலிக்கவே இல்லீங்க. வலிக்காததுக்குப் போய் எவளாவது லீவு போடுவாளா? இந்த ஆர்டர் முடியட்டும்."

ஆர்டர் முடிந்தது. அடுத்த ஆர்டரும் முடிந்தது. வலி வந்தபோது நோய் எலும்பு வரை போயிருந்தது.

"அவ யாருக்கு என்ன பாவம் பண்ணா, டாக்டரம்மா?" என்று அழுதேன்.

"பாவமும் இல்ல, சாபமும் இல்ல மாஸ்டர். தொட்டா ஒட்டிக்கிறதும் இல்ல. செல்லுல வந்த பிசகு."

எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். நாம் துணி வெட்ட வைக்கும் மாதிரித் தாளைப் போல, நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு பேட்டர்ன் இருக்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போது அதையும் படியெடுக்கிறது. படியெடுத்தால் பிசகு வராதா? வரும். உடம்பே அதைத் திருத்தும். திருந்தாத செல்லை அழிக்கும். அதற்கும் தப்பி, பிசகின்மேல் பிசகு சேர்ந்து, ‘போதும், நிறுத்து’ என்ற கட்டளைக்குக் கட்டுப்படாமல் பெருகும் செல்களின் கூட்டமே புற்றுநோய்! அது பக்கத்துத் தசையைத் துளைக்கும். இரத்தத்தில் ஏறி வேறிடத்தில் குடியேறும்.

பிசகை வளர்ப்பது எது? புகையிலை வளர்க்கும். மது வளர்க்கும். சில கிருமிகள் வளர்க்கும். வயது வளர்க்கும். சில குடும்பங்களில் பிறப்போடு வரும். இன்னதென்று கைகாட்ட முடியாமலும் வரும். கதவோரத் தம்பிமார்களே, கன்னத்தில் அடக்கியதைத் துப்பிவிட்டு வாருங்கள். உங்கள் வாயையும் அந்த வண்டியில் பார்ப்பார்கள்!

வெட்டுமுன் துணியை விரித்துப் பார்க்கிறோமே, எதற்கு? வெட்டியபின் வருந்தி என்ன பயன்? பரிசோதனையும் அப்படித்தான். மார்பகத்துக்கு ஓர் எக்ஸ்ரே. கருப்பை வாயிலிருந்து ஒரு சிறு மாதிரி. கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எது நோய், எது இல்லை என்று விரல் சொல்லாது, வலியும் சொல்லாது!

காலையிலிருந்து வண்டி நிற்கிறது. ஒருவர்கூட ஏறவில்லை. இதோ, உங்கள் நடுவே உட்கார்ந்திருக்கும் என் கொழுந்தியாளிடம் நேற்று கெஞ்சினேன்: கூடப்பிறந்தவளுக்கு வந்திருக்கிறது, நீ அவசியம் பார்க்க வேண்டும் என்று. அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"எனக்குத்தான் எங்கயும் வலிக்கலையே மாமா."

அதே சொல்! அதே குரல்! அதை இரண்டாம் முறை கேட்கும் திராணி எனக்கு இல்லை, தாய்மார்களே. அவளைத் திரும்பிப் பார்க்காதீர்கள், கோபித்துக்கொள்வாள். கோபித்துக்கொள்ளட்டும்! என்னைக் கோபித்துக்கொள்ள அவள் உயிரோடு இருக்கட்டும்!

இன்னும் நான்கு பக்கம் எழுதி வந்திருக்கிறேன்... யாரது எழுந்து நிற்பது? என்னம்மா? உரக்கச் சொல்.

"பேசினது போதும் மாமா, எறங்கி வாங்க. தனியாப் போகப் பயமா இருக்கு."

தலைவர் அவர்களே, பொறுத்தருள வேண்டும். என் பேச்சு முடிந்தது. வழிவிடுங்கள் தம்பிமார்களே. கூட வருகிறவர்கள் வாருங்கள். கேட்ட செவிகளுக்கு நன்றி. முதலில் எழுந்த கால்களுக்கு என் வணக்கம்!