நட்சத்திரம் வைத்த மெடல்

ஃபெரியில் அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கூடாது என்றுதான் ஜன்னலோரம் உட்காருவேன். இன்று ஃபெரி பட்டர்வொர்த் கரையை விட்டதுமே முன் இருக்கையில் இருந்த பெரியவர், "தெரிஞ்சேதான் தப்பா எழுதினேன்" என்றார். அதற்குப் பிறகு கடலை யார் பார்ப்பது?

பக்கத்தில் பசாரில் காய்கறி வாங்கிய பையோடு இருந்த பெண் அவருக்குத் தெரிந்தவர் போலும். "எதை, அண்ணே?"

"இந்த மெடலைத்தான். ருமேனியாவுல கம்யூனிஸ்ட் காலத்துல கவர்மென்ட் குடுத்தது. நான் பழைய மெடல் சேர்க்கிறேன் லா. ஒரே மெடல்லயே பல மாதிரி இருக்கு. நாட்டுச் சின்னத்துக்கு மேல நட்சத்திரம் இல்லன்னா முதல்ல அடிச்சது. இருந்தா பின்னாடி வந்தது."

அவர் நீட்டிய ஃபோனை அந்தப் பெண் உற்றுப் பார்த்தார். "இதுல நட்சத்திரம் இருக்கே."

"இருக்கு. ஆனா முதல்ல அடிச்சதுன்னு எழுதி, மெடல் சேர்க்கிறவங்க குரூப்புல போட்டேன்."

"ஏன் அப்படி?"

"சரியாப் போட்டா ஒருத்தரும் பேச மாட்டாங்க, தங்கச்சி. தப்பாப் போட்டா ருமேனியாவுலேர்ந்து ஒரு கிழவர் உடனே கமெண்ட்டுல வந்துருவாரு. கண்ணு தெரியலையான்னு திட்டுவாரு. அப்புறம் ஊர்க்கதை, உடம்புக்கதை எல்லாம் பேசுவாரு. வீட்டுல எனக்குப் பேச வேற யாரு இருக்கா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டார். "சரி, இந்தத் தடவை என்ன திட்டினாரு?"

ஃபெரி கரையில் இடித்து நின்றது. எல்லோரும் எழுந்தார்கள். அவர் மட்டும் ஃபோனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"போட்டு ஒரு வாரமாச்சு. நாலு லைக் விழுந்திருக்கு. தப்பு அப்படியே நிக்குது."