கொத்துகிற கோழியைப் பிரித்த விவரம்

கோழிக்கூட்டுக்குள் ஒரு முட்டைக்கோஸைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். கோழிகள் ஒன்றையொன்று கொத்துவது பெரும்பாலும் பொழுது போகாமல்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் தம்பி. ஜன்னலுக்கு வெளியே நின்றபடி எழுதுவது சிரமம்தான். கதவு விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

மீதிச் சண்டைக்கு முட்டைக்கோஸ் போதாது. எங்கள் கொல்லையில் ராங்கி என்று ஒரு கோழி. இன்னொன்றின் முதுகைக் கொத்திக் கொத்தி இறகே இல்லாமல் ஆக்கிவிட்டது. விவரம் தெரியாதவர்கள் அடிபட்டதைத் தூக்கித் தனியே வைப்பார்கள். அது ஆறித் திரும்பினால் மற்றவை புது ஆள் என்று நினைத்து மறுபடி கொத்தும். என் மனைவி அப்படித்தான் செய்வாள். சொன்னாலும் அவளுக்குப் புரியாது. பிரிக்க வேண்டியது கொத்துகிற கோழியை. ராங்கியைக் கொஞ்ச நாள் தனிக்கூண்டில் போட்டேன். திரும்பி வந்தபோது, ரிட்டையரான அதிகாரி மறுநாள் பழைய ஆபீசுக்கு வந்தது போலத் தீவனத் தட்டுக்குப் பின்னால் நின்றது.

அடிபட்டதற்கு ஊதா மருந்து பூசவேண்டும். ரத்தத்தின் சிவப்பைக் கண்டால் மொத்தக் கூட்டமும் பாயும். ஊதா பூசினால் சிவப்பு மறைந்துவிடும். அந்தப் புட்டி எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும்.

இப்போது என் மச்சான். மனைவியின் அண்ணன், ஹெட்மாஸ்டராக இருந்தவர். முழங்கால் ஆபரேஷனுக்காக எங்கள் வீட்டுக்கு வந்தார். முழங்கால் சரியாகிவிட்டது, அவர் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தங்கையைக் கொத்துவார். "உப்புப் போட மறந்தியா, இல்ல உப்புன்னா என்னன்னே மறந்துட்டியா?" என்பார். அது என் வசனம். கல்யாணமான நாளாக நான் சொல்லிவருவது. என் வாயில் அது வேடிக்கை, அவர் வாயில் கொத்து. அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். கட்டியவள் வாடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற ரகமில்லை நான்.

"மச்சான், ஒரு முட்டை சதுரமா இருக்கு, வந்து பாருங்க" என்றேன். காலமெல்லாம் ஜியாமெட்ரி நடத்தியவர், உடனே வந்தார். குனிந்து கூட்டுக்குள் நுழைந்ததும் வெளியே கொக்கியை மாட்டினேன். தனிக்கூண்டில் அவர் தலைகூட நுழையாது, அதனால்தான் பெரிய கூடு. கத்தினார். பக்கத்து வீட்டில் கேட்டார்கள். புதுச் சேவல், பழகிவிடும் என்றேன்.

திமிறியதில் தகரக் கூரையில் மண்டை இடித்தது. வழுக்கைத் தலை, சிவப்பு எடுப்பாகத் தெரிந்தது. கோழிகள் தீவனத்தை விட்டு நிமிர்ந்தன.

"மாப்ள, பையில அந்த மருந்து இருக்குல்ல, கொஞ்சம் உள்ள நீட்டுங்க."

"பொறுங்க மச்சான், யாரு யாரைக் கொத்தலாம்ங்கிற வரிசை முதல்ல அமையட்டும்."

நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தேன். புட்டி கையில்தான் இருந்தது. மூடியைத் திறக்கவில்லை. என்ன நடக்கும் என்று தெரியும், தெரிந்துதான் உட்கார்ந்தேன். முதலில் அவர் தோளில் ஏறியது ராங்கி. என் மனைவி கடைக்குப் போய்த் திரும்பிக் கொக்கியைக் கழற்றும்வரை வேடிக்கை பார்த்தேன். ஒரு காது மடல் பாதி இல்லை, ஒரு கண் தேறுமா என்று சொல்ல முடியாதாம். தலை முழுக்க ஊதா பூசி, ஆள் கத்திரிக்காய் மாதிரி இருப்பதாகக் கேள்வி. வருத்தமா என்று கேட்கிறீர்கள். இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுப்பதை வாய் பேசாமல் சாப்பிடுகிறாராம். வைத்தியம் பலித்திருக்கிறதா, இல்லையா?

கதவு விஷயம் இதுதான். அண்ணனை ஆம்புலன்சில் ஏற்றிவிட்டு வந்தவள், நான் அறைக்குள் போனதும் வெளியே தாழ் போட்டாள். "யாரைப் பிரிக்கணும்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க" என்றாள். உங்களிடமும் சொன்னாளே, "ஜன்னல் வழியாவே பேசுங்க சார், திறந்தா முதல்ல உங்க தொப்பையப் பத்திதான் சொல்லுவாரு" என்று. பாடத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு தப்பான ஆளைப் பிரித்திருக்கிறாள், பாவம்.

இதோ, கேட்கிறதா? அடுப்பங்கரையில் பாடுகிறாள். இவள் பாடுவாள் என்பதே எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. சுருதி சேரவில்லை. கதவிடுக்கு வழியாக அப்போதே சொல்லிவிட்டேன்.