பஸ் நின்றபோது கேட்ட டிரம்ஸ்

மலேசியாவில், ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். தம்பி டிரம்ஸ் வாசிப்பவர். பியானோவுக்கு ஒருவர், பேஸ் கிதாருக்கு ஒருவர் என்று சேர்த்துக்கொண்டு முதல் ஜாஸ் ஆல்பம் செய்திருக்கிறார். அதை அக்கா இயர்போனைக் காதில் மாட்டிக் கேட்டார்.

"ஆல்பம் உன் பேருல. நீ எங்கடா?"

"பின்னால, குச்சிக்குப் பதிலா கம்பி பிரஷ்ஷால டிரம்ஸத் தடவுறேன்க்கா."

"தடவுறியா? உருமி மேளம் அடிக்கிற அப்பாகிட்ட இதையா போட்டுக் காட்டப் போற?"

"அதான்க்கா பயமா இருக்கு. டிரம்ஸ் சத்தத்த ஏத்திடவா? நாளைக்கு வெளியாகுது லா."

தம்பியின் விரல்கள் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தன. ஒரு ஸ்டாப்பில் டிரைவர் இஞ்சினை அணைத்தார்.

"டேய், இப்பக் கேக்குது! வாசல் பெருக்குற மாதிரி. நல்லாத்தான் இருக்கு, ஒண்ணும் மாத்தாத. அப்பாவுக்குப் போடுறப்ப மேல சுத்துற காத்தாடிய நிறுத்திடு."

"காத்தாடிய நிறுத்திடலாம்க்கா. அவரு வாய?"